காலையில் திறந்தால் மாலையில்தான் மூடும் செயலி: எக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் ஒரு நிகழ்வு ஆய்வு

உதிரி பாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆர்டர் பதிவுச் செயலி பற்றியது இந்த ஆய்வு. பல ஆண்டுகள் அது கணினியில் நிறுவி ஓட்டும் டெஸ்க்டாப் மென்பொருளாக இருந்தது. ஆர்டர் எடுப்பவர் வாடிக்கையாளரோடு ஃபோனில் பேசிக்கொண்டே பாக எண்ணை அடிப்பார், இருப்பைப் பார்ப்பார், விலை சொல்வார், அளவை அடித்து அடுத்த வரிக்குப் போவார். கை மவுஸ் பக்கமே போகாது. பிறகு அதே செயலியை பிரவுசரில் ஓடும்படி எக்ஸ்ட் ஜேஎஸ் 4 என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க் (திரைகளைக் கட்டத் தேவையான பாகங்களை ஆயத்தமாகத் தரும் நிரல் தொகுப்பு) கொண்டு ஒரு குழு புதிதாக எழுதியது. பயன்பாட்டுக்கும் வந்தது. அதற்கப்புறம் எழுந்த புகார்களை ஆராய்ந்து சரிசெய்யும் வேலைதான் எங்களிடம் வந்தது.

புகார்கள் மூன்று வகை. ஒரு ஆர்டரில் சேர்த்த வரி எப்போதாவது இன்னொரு ஆர்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காலையில் விறுவிறுவென்று ஓடும் செயலி மதியத்துக்கு மேல் இழுக்கிறது. பழைய மென்பொருளில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தவர்கள் இதில் தடுமாறுகிறார்கள்.

மூன்றையும் தனித்தனிப் பிழைகளாகத்தான் பட்டியலில் போட்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது மூன்றுக்கும் வேர் ஒன்றே என்று எனக்குத் தெளிவாயிற்று. சாதாரண வலைப்பக்கத்தின் ஆயுள் குறைவு. ஒரு இணைப்பைச் சொடுக்கினால் பழைய பக்கம் போய்ப் புதுப் பக்கம் வரும். மெமரி மொத்தமாகக் காலியாகும். ஒரு நேரத்தில் ஒரே திரைதான் இருக்கும். டெஸ்க்டாப் பாணிச் செயலியில் இது எதுவும் நடக்காது. பக்கம் நாள் முழுக்க உயிரோடு இருக்கிறது, ஒரே திரையின் பல பிரதிகள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்கின்றன. எந்தப் பொருள் யாருக்குச் சொந்தம், எது எப்போது அழிய வேண்டும் என்ற கணக்கை எழுதுபவர்தான் போட வேண்டும். விண்டோவும் டூல்பாரும் ஃபிரேம்வொர்க்கிலிருந்து வந்துவிடும். இந்தக் கணக்கு வராது.

ஏன் எக்ஸ்ட் ஜேஎஸ்

இந்தத் தேர்வில் எனக்குக் குறை எதுவும் இல்லை. பக்கத்தை மாற்றாமலே சர்வரோடு பேசும் வசதி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இலேயே வந்துவிட்டது. 2004-இல் ஜிமெயில் வந்த பிறகுதான் பிரவுசருக்குள் முழுச் செயலியே எழுதலாம் என்ற நம்பிக்கை பரவியது. இந்த முறைக்கு அஜாக்ஸ் என்ற பெயர் 2005-இல் கிடைத்தது. ஆனால் எச்டிஎம்எல்லில் மரப்பட்டியலோ, நெடுவரிசையை இழுத்து அகலமாக்கக்கூடிய அட்டவணையான கிரிட்டோ, மெனுவோ கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பப் பல முயற்சிகள் நடந்தன. குக்ஸ்டூ 2005-இல் தொடங்கியது. ஆப்பிள் தன் மொபைல்மீ சேவைக்கு 2008-இல் ஸ்ப்ரவுட்கோரைப் பயன்படுத்தியது. அதே ஆண்டு கப்புச்சினோ வந்தது. எக்ஸ்ட், யாகூவின் ஒய்யுஐ நூலகத்துக்கு ஜாக் ஸ்லோகம் எழுதிய நீட்டிப்பாகப் பிறந்து, 2007-இல் 1.0 பதிப்போடு தனி நூலகமானது. நிறுவனம் 2010-இல் சென்ச்சா என்று பெயர் மாறியது. 2011-இல் வந்த நான்காம் பதிப்பு புதிய கிளாஸ் அமைப்பையும் எம்விசி முறையையும் (தரவு, திரை, இரண்டையும் இயக்கும் கன்ட்ரோலர் என்று நிரலைப் பிரிப்பது) கொண்டுவந்தது.

கிரிட், மரம், படிவம், லேஅவுட், விண்டோ எல்லாம் ஒரே கையால் எழுதப்பட்டு ஒரே மரபில் நடந்துகொள்வது இதன் பெரிய பலம். நூறு திரை உள்ள அலுவலகச் செயலிக்கு இது சாதாரண விஷயம் இல்லை. முதல் குழு இந்தப் பலத்தை நன்றாகவே பயன்படுத்தியிருந்தது. திரைகள் பார்க்க அச்சு அசல் பழைய மென்பொருள் மாதிரியே இருந்தன.

வரி மாறிப்போன பிழை

பயனர்கள் சொன்னதை வைத்து இதை மறுபடி நிகழ்த்திப் பார்க்க முதலில் முடியவில்லை. ஒரு ஆர்டரைத் திறந்து வரி சேர்த்தால் எப்போதும் சரியாகவே நடந்தது. ஆர்டர் எடுப்பவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அவர் ஒரு ஆர்டரைப் பாதியில் விட்டுவிட்டு, இன்னொரு அழைப்புக்காக இரண்டாவது ஆர்டர் விண்டோவைத் திறந்தார். பழைய மென்பொருளில் நாள் முழுக்க அப்படித்தான் செய்துவந்தார்.

எக்ஸ்ட் ஜேஎஸ் 4-இன் எம்விசி முறையில் கன்ட்ரோலர் என்பது செயலி தொடங்கும்போது ஒருமுறை உருவாகி, செயலி முடியும்வரை இருப்பது. அதில் ‘ரெஃப்ஸ்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு பெயரையும், எந்த வகைக் காம்பொனென்ட் (திரையின் ஒரு பாகம்) வேண்டும் என்ற தேர்வியையும் எழுதிவைத்தால், அந்தக் காம்பொனென்ட்டை எடுத்துத் தரும் ஃபங்ஷனை ஃபிரேம்வொர்க்கே உண்டாக்கித் தரும். ‘ஆர்டர் கிரிட்’ என்று கேட்டால் கிரிட் கையில் வந்துவிடும். மிக வசதியான ஏற்பாடு. ஆனால் அந்த ஃபங்ஷன் தேர்விக்குப் பொருந்துகிற முதல் காம்பொனென்ட்டைத்தான் தரும். ஒருமுறை கண்டுபிடித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை தேடாமல் அதையே திரும்பத் தரும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். முதல் விண்டோ திறந்திருக்கிறது, அதன் கிரிட் நினைவில் இருக்கிறது. பயனர் இரண்டாவது விண்டோவில் பாக எண்ணை அடித்து ‘வரி சேர்’ பட்டனை அழுத்துகிறார். நிகழ்வு கன்ட்ரோலருக்கு வருகிறது. கன்ட்ரோலர் ஆர்டர் கிரிட்டைக் கேட்கிறது. கிடைப்பது முதல் விண்டோவின் கிரிட். வரி அங்கே போய்ச் சேர்கிறது. முன்னால் இருக்கும் விண்டோவில் எதுவும் தெரியாததால், அழுத்தியது பதியவில்லை போலிருக்கிறது என்று பயனர் மறுபடி அழுத்துகிறார். பின்னால் மறைந்திருக்கும் ஆர்டரில் இரண்டு வரி ஏறிவிடுகிறது.

பிழை ‘எப்போதாவது’ வந்ததற்கும் காரணம் இதே இடத்தில்தான். முதல் விண்டோவை மூடினால் அந்த நினைவு அழிக்கப்படும். அடுத்த அழைப்பில் மறுபடி தேடல் நடந்து, இருக்கும் ஒரே விண்டோவின் கிரிட் சரியாகவே கிடைக்கும். ஆக, இரண்டு விண்டோ திறந்திருக்கும் நேரத்தில் மட்டும், அதுவும் இரண்டாவதில் வேலை செய்யும்போது மட்டும் தப்பு நடக்கும். சோதித்தவர்கள் ஒவ்வொரு திரையையும் ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்ததால் அவர்கள் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்றும் இருந்தது. மொத்தத் தொகை காட்டும் புலத்துக்கு நிலையான ஐடி கொடுத்திருந்தார்கள். இரண்டாவது விண்டோ திறந்ததும் அதே ஐடி மறுபடி பதிவாகி, பழைய பதிவின் மேல் ஏறிக்கொள்ளும். அதனால் முதல் விண்டோவில் அளவை மாற்றினால் இரண்டாவது விண்டோவின் மொத்தம் மாறியது. டெவலப்மென்ட் பில்டில் ஓட்டும்போது இப்படி இரட்டை ஐடி வந்தால் ஃபிரேம்வொர்க் பிழை காட்டும். புரொடக்‌ஷன் பில்டில் அந்தச் சோதனை நீக்கப்பட்டிருப்பதால் சத்தமே வராது.

திருத்தம் இரண்டு கட்டமாக நடந்தது. உடனடியாக, நிகழ்வைக் கையாளும் ஒவ்வொரு ஃபங்ஷனும் (ஹேண்ட்லர்) தன்னை அழைத்த பட்டனிலிருந்து தொடங்கி மேலே ஏறி, அது இருக்கும் விண்டோவை அடைந்து, அங்கிருந்து கீழே இறங்கி கிரிட்டை எடுக்கும்படி மாற்றினோம். நிலையான ஐடிகள் எல்லாவற்றையும் அந்தந்த விண்டோவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஐட்டம்ஐடியாக ஆக்கினோம். பிறகு எக்ஸ்ட் ஜேஎஸ் 6-க்கு மாறியபோது வியூ கன்ட்ரோலருக்குப் போனோம். 2014-இல் ஐந்தாம் பதிப்பில் வந்த வசதி அது. ஒவ்வொரு விண்டோவுக்கும் அதனதன் கன்ட்ரோலர், விண்டோ சாகும்போது அதுவும் சாகும். டெஸ்க்டாப் பாணிச் செயலிக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்க வேண்டிய அமைப்பு இதுதான் என்பேன்.

ஏற்கெனவே கெட்டுப்போன தரவைச் சரிசெய்வது இதைவிடக் கடினமாக இருந்தது. ஒரே பயனரின் பெயரில் இரண்டு ஆர்டர்கள் ஒரே காலத்தில் திருத்தப்பட்ட இடங்களை சர்வர் பதிவேட்டிலிருந்து பிரித்தெடுத்தோம். அவற்றில் ஒரே பாக எண் அடுத்தடுத்து இரண்டுமுறை ஏறியிருப்பவற்றை முதலில் வைத்து ஒரு பட்டியல் தந்தோம். எது சரி, எது தப்பு என்று முடிவு செய்தது ஆர்டர் எடுத்தவர்களேதான். அந்த முடிவை நிரலிடம் விடக்கூடாது என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம்.

மதியத்துக்கு மேல் இழுக்கும் செயலி

மெமரிக் கசிவு (தேவை முடிந்த பின்னும் மெமரி விடுபடாமல் சேர்வது) என்று எல்லோரும் ஊகித்திருந்தார்கள். எங்கே கசிகிறது என்று காட்டினால்தான் மேலே போக முடியும். குரோமின் டெவலப்பர் கருவியில் மெமரி பகுதிக்குப் போய் அந்த நேரத்தில் மெமரியில் இருக்கும் பொருள்களின் பட்டியலான ஹீப் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்தோம். ஆர்டர் விண்டோவைப் பலமுறை திறந்து மூடினோம். யாரும் பிடித்திராத பொருள்களை மெமரியிலிருந்து நீக்கும் குப்பை சேகரிப்பை வலிந்து ஓடவிட்டு இரண்டாவது ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பிட்டோம். மூடிய விண்டோக்கள் ஒன்றுவிடாமல் மெமரியில் இருந்தன. டாமிலிருந்து (பக்கத்தின் உறுப்புகளை பிரவுசர் வைத்திருக்கும் மரம்) கழற்றப்பட்ட முனைகளும் அவற்றோடு தொங்கிக்கொண்டிருந்தன.

எது பிடித்து வைத்திருக்கிறது என்று பின்னோக்கிப் பார்த்தால் சங்கிலி இப்படிப் போனது: விண்டோவைப் பிடித்திருப்பது ஒரு லிசனரின் (நிகழ்வு நடந்தால் அழைக்கப் பதிந்துவைத்த ஃபங்ஷன்) ஸ்கோப், அதாவது அது யாருக்காக ஓடுகிறது என்ற குறிப்பு; அந்த லிசனர் இருப்பது விலை ஸ்டோரின் (சர்வரிலிருந்து வந்த விலைத் தரவை வைத்திருக்கும் பொருள்) ‘லோட்’ நிகழ்வுப் பட்டியலில்; விலை ஸ்டோரைப் பிடித்திருப்பது செயலி முழுதுக்கும் பொதுவான ஸ்டோர் மேனேஜர்.

ஆர்டர் விண்டோ திறக்கும்போது, ‘விலை புதுப்பிக்கப்பட்டால் எனக்குச் சொல்’ என்று விலை ஸ்டோரிடம் பதிந்துகொள்கிறது. மூடும்போது எக்ஸ்ட் அந்த விண்டோவின் டாமை அழிக்கிறது, விண்டோவின் மேல் மற்றவர்கள் வைத்த லிசனர்களையும் நீக்குகிறது. ஆனால் விண்டோ போய் இன்னொருவரிடம் வைத்த லிசனரை யாரும் நீக்கவில்லை. அந்தப் பட்டியல் விலை ஸ்டோருக்குச் சொந்தம். விலை ஸ்டோருக்கோ சாவே இல்லை.

மெமரி மட்டும் போயிருந்தால் பயனர்கள் இவ்வளவு சீக்கிரம் கவனித்திருக்க மாட்டார்கள். விலை ஸ்டோர் குறிப்பிட்ட இடைவெளியில் சர்வரிலிருந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும், என்றோ மூடிய விண்டோக்கள் எல்லாம் விழித்தெழுந்து தங்கள் ஆர்டர் வரிகளின் தொகையை மறுபடி கணக்குப் போட்டன. கிரிட் அழிந்துவிட்டதால் திரையில் ஒன்றும் தெரியாது, பிழையும் வராது. காலையில் ஐந்து விண்டோ கணக்குப் போட்டது, மாலையில் நூறு விண்டோ போடும். அந்தக் கணக்கு ஓடும் நேரத்தில் அடித்த எழுத்து திரைக்கு வரத் தாமதமாகும். ‘இழுக்கிறது’ என்று அவர்கள் சொன்னது இதைத்தான்.

தீர்வு சின்னது. எக்ஸ்டிலேயே ‘மேனேஜ்டு லிசனர்’ என்ற வசதி இருக்கிறது. அதன் வழியாகப் பதிந்தால், பதிந்தவர் அழியும்போது பதிவும் தானாக நீங்கிவிடும். செயலி முழுக்கத் தேடி, பொதுவான பொருள்களிடம் பதிந்த எல்லா இடத்தையும் அதற்கு மாற்றினோம்.

இன்னொரு கசிவு பாகத் தேடல் விண்டோவில் இருந்தது. மூடினால் மறைத்துவை என்று அதன் ‘க்ளோஸ் ஆக்‌ஷன்’ அமைப்பில் எழுதியிருந்தார்கள். திறப்பது வேகமாக இருக்கட்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் திறக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள். மறைந்தவை டாமிலேயே குவிந்தன. எந்த இடத்திலிருந்து தேட வேண்டும் என்று சொல்லாமல் காம்பொனென்ட் குவெரி ஓட்டினால், அது உயிரோடு இருக்கும் எல்லாக் காம்பொனென்ட்டையும் சுற்றிவரும். குவியல் வளர வளர அந்தத் தேடலும் மெதுவாகும். ஒன்றையே வைத்துக்கொண்டு திரும்பக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூடும்போது அழிக்க வேண்டும். இரண்டில் எதையும் செய்யலாம், பாதி இதுவும் பாதி அதுவும் கூடாது.

இவை மறுபடி முளைக்காமல் இருக்க ஒரு தானியங்கிச் சோதனை எழுதினோம். இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். ஒவ்வொரு திரையையும் ஒருமுறை திறந்து மூடியபின் காம்பொனென்ட் மேனேஜரில் எத்தனை காம்பொனென்ட் பதிவாகியிருக்கிறது, பொது ஸ்டோர்களில் எத்தனை லிசனர் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும். அப்புறம் திரும்பத் திரும்பத் திறந்து மூடி, எண்ணிக்கை ஏறினால் சோதனை தோற்கும். ஹீப் ஸ்னாப்ஷாட்டை மனிதர் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லாமல் கசிவுகளில் பெரும்பாலானவை இதிலேயே மாட்டிக்கொள்கின்றன.

கிரிட்டும் லேஅவுட்டும்

இதில் சொல்ல அதிகம் இல்லை. பாகப் பட்டியலில் பல லட்சம் வரிசை. திரையில் தெரியும் வரிசையையும் அதன் முன்பின் சிலவற்றையும் மட்டும் டாமில் வைக்கும் பஃபர்டு ரெண்டரர் 4.2 பதிப்பிலேயே இருந்ததால் அதைச் சேர்த்தோம். அதற்கும் ஒரு எல்லை உண்டு: குரோமில் ஒரு உறுப்பின் உயரம் சுமார் 3.35 கோடி பிக்சலுக்கு மேல் போகாது. வரிசைக்கு 24 பிக்சல் என்று வைத்தால் 14 லட்சம் வரிசைக்குள் முட்டிக்கொள்ளும். உண்மையில், லட்சக்கணக்கான வரிசையில் ஸ்க்ரோல் செய்து யாரும் எதையும் தேடுவதில்லை. தேடல் பெட்டியை முன்னால் வைத்து, எதுவும் தட்டாதவரை பட்டியலே காட்டாமல் விட்டோம். யாரும் குறை சொல்லவில்லை.

விரிதாளிலிருந்து நகலெடுத்து ஆர்டரில் ஒட்டும்போது திரை உறைந்ததற்குக் காரணம், ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சேர்த்ததுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்வு, ஒரு மொத்தக் கணக்கு, ஒரு லேஅவுட் ஓட்டம் (பாகங்களின் அளவையும் இடத்தையும் மறுபடி கணக்கிடுவது). நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும் கணினியில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி, அதற்குள் நூறு லேஅவுட் ஓடாது. லேஅவுட்டை நிறுத்திவைத்து, எல்லா வரியையும் ஒரே அழைப்பில் சேர்த்து, பிறகு ஒருமுறை ஓடவிட்டதும் சரியாயிற்று. பேனலுக்குள் பேனல், அதற்குள் ஒரே ஒரு பேனல் என்று காரணமில்லாமல் அடுக்கியிருந்த இடங்களையும் தட்டையாக்கினோம். ‘லேஅவுட் ரன் ஃபெயில்ட்’ என்று கன்சோலில் அடிக்கடி வந்துகொண்டிருந்த செய்தி அதோடு நின்றது.

விரல் பழக்கம்

மூன்றாவது புகாரைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுசு, கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று. பழகவில்லை. பழகியிருக்கவும் முடியாது. நாள் முழுக்க ஒரே வேலையை விரலால் செய்பவரின் வேகத்தை மதிக்காத செயலி, எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு இடைஞ்சல்தான்.

முதலில் ஷார்ட்கட். பழைய மென்பொருளில் கன்ட்ரோல்+என் புது ஆர்டர், கன்ட்ரோல்+டபிள்யூ ஆர்டரை மூடுவது. குரோமின் சாதாரண டேப்பில் இவை இரண்டும் பக்கத்துக்கு வந்து சேரவே சேராது, பிரவுசரே எடுத்துக்கொள்ளும். ஆர்டரை மூடுவதாக நினைத்து அழுத்தியவரின் செயலியே டேப்போடு மூடிக்கொண்டது. கன்ட்ரோல்+எஸ் போன்றவற்றை நாம் தடுத்து நம் வேலைக்குப் பயன்படுத்தலாம். இந்த இரண்டையும் முடியாது. எஃப்2, எஃப்8 போன்ற விசைகளுக்கு மாற்றி, அந்தந்தப் பட்டனிலேயே விசையின் பெயரையும் எழுதினோம்.

அடுத்தது ஃபோகஸ், அதாவது அடிக்கும் எழுத்து எந்தப் புலத்தில் போய் விழும் என்பது. பாகத் தேடல் விண்டோவை மூடினால் ஃபோகஸ் எங்கும் இல்லாமல் பக்கத்தின் உடலுக்குப் போய்விடும். அடுத்து அடித்த எண்கள் காற்றில் போகும். டெஸ்க்டாப்பில் முன்பு இருந்த இடத்துக்கே அது திரும்பும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே விண்டோ திறக்கும்போது ஃபோகஸ் எந்தக் காம்பொனென்ட்டில் இருந்தது என்று குறித்துவைத்து, மூடும்போது திருப்பிக் கொடுக்க எழுதினோம். அதற்குள் அந்தக் காம்பொனென்ட் அழிந்திருந்தால் ஆர்டர் விண்டோவின் பாக எண் புலத்துக்கு.

இவை இரண்டையும் செய்த பிறகும் ‘எண் மாறி விழுகிறது’ என்றார்கள். இதைப் புரிந்துகொள்ளத்தான் நேரம் பிடித்தது. பாக எண், என்டர், அளவு, என்டர் என்று அவர்கள் நிறுத்தாமல் அடிக்கிறார்கள். பழைய மென்பொருளில் பாக எண்ணுக்குப் பின் என்டர் அடித்ததும் டேட்டாபேஸ் தேடல் நடக்கும். பதில் வரும்வரை மென்பொருள் அப்படியே நிற்கும். அதற்குள் அடித்த விசைகளை இயங்குதளம் வரிசையில் காத்திருக்க வைக்கும். தேடல் முடிந்து கர்சர் அளவுப் புலத்துக்குப் போனதும், காத்திருந்த விசைகள் அங்கே போய்ச் சேரும். மென்பொருள் நின்றுபோனதே பயனருக்குப் பாதுகாப்பாக இருந்தது. பிரவுசரில் சர்வர் அழைப்பு அசிங்க்ரோனஸ். பதில் வரும்வரை பக்கம் நிற்காது. அடித்த விசை உடனே வந்து, அந்த நொடியில் ஃபோகஸ் எங்கே இருக்கிறதோ அங்கே விழும். ஃபோகஸ் இன்னும் பாக எண் புலத்திலேயே இருந்ததால், அளவு பாக எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டது.

பதில் வரும்வரை திரையைப் பூட்டிவைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பூட்டினால் விசைகள் காத்திருக்காது, தொலைந்துதான் போகும். ஆகவே வேறுவழியில் போனோம். என்டர் அடித்ததும், பதிலுக்குக் காத்திராமல், ஃபோகஸ் உடனே அளவுப் புலத்துக்குப் போகும். வரி ‘சரிபார்க்கப்படுகிறது’ என்ற நிலையில் கிரிட்டில் ஏறும். பதில் வந்ததும் விலையும் இருப்பும் அந்த வரியில் நிரம்பும். பாக எண் தப்பாக இருந்தால் வரி சிவப்பாகும். ஃபோகஸைப் பிடுங்காது, பெட்டி எதையும் திறக்காது. சிவப்பு வரி இருக்கும்வரை ஆர்டரை அனுப்ப முடியாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. பதில்கள் கேட்ட வரிசையிலேயே வரும் என்ற உறுதியும் இல்லை. அதனால் ஒவ்வொரு கோரிக்கையும் எந்த வரிக்காகக் கேட்டது என்ற அடையாளத்தோடு போய், பதில் அந்த வரிக்கே போய்ச் சேரும்படி கட்டினோம். ‘தற்போதைய வரி’ என்ற ஒன்றை நம்பி எழுதிய நிரலை எல்லாம் நீக்கினோம். வரி மாறிப்போன பிழையில் ‘தற்போதைய விண்டோ’ என்று நம்பியதன் சின்ன வடிவம்தான் இதுவும்.

குறிப்புப் புலத்தில் ஆங்கிலமல்லாத மொழியில் எழுதுபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை இருந்தது. உள்ளீட்டு முறை வழியாக எழுத்துகளைச் சேர்த்து எழுதும்போது, விசை நிகழ்வில் உண்மையான விசைக்குப் பதில் 229 என்ற எண்தான் வரும். எந்த விசை அழுத்தப்பட்டது என்று பார்த்து எடிட்டரைத் திறக்கும் கிரிட்டில் முதல் எழுத்து தொலைந்தது. சொல்லை உறுதிசெய்ய அடித்த என்டரை, கலத்தை முடிக்கும் என்டராக எடுத்துக்கொண்டது. எழுத்துச் சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறதா என்று நிகழ்வு சொல்லும் குறியைப் பார்த்து, ஆம் என்றால் எதையும் தொடாமல் விட்டோம்.

பழசாகிப்போகும் தரவு, பழசாகிப்போகும் நிரல்

பக்கம் நாள் முழுக்கத் திறந்திருந்தால் அதிலுள்ள எல்லாமே பழசாகும். காலையில் திறந்துவைத்த ஆர்டரை மாலையில் சேமித்தால், நடுவில் வேறொருவர் செய்த திருத்தம் சத்தமில்லாமல் அழிந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் பதிப்புக் குறி கொடுத்து, சேமிக்கும்போது ‘இஃப்-மேட்ச்’ தலைப்பில் அனுப்பச் செய்தோம். பொருந்தாவிட்டால் சர்வர் 412 என்று மறுக்கும். எந்தப் புலம் மாறியிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, பயனர் தேர்வு செய்வார்.

உள்நுழைவு காலாவதியாகும்போது நடந்தது இன்னும் மோசம். சர்வர் வழக்கம்போல உள்நுழைவுப் பக்கத்தை 200 என்ற வெற்றிக் குறியோடு அனுப்பியது. ஜேசான் வடிவத் தரவை எதிர்பார்த்திருந்த ஸ்டோருக்கு எச்டிஎம்எல் வந்து சேர, புரியாத பிழைச் செய்தி ஒன்று காட்டியது. பயனர் எஃப்5 அடிப்பார். சேமிக்காத ஆர்டர்கள் எல்லாம் போகும். தரவுக் கோரிக்கைகளுக்கு, உள்நுழையவில்லை என்று சொல்லும் 401 குறியை மட்டும் அனுப்பும்படி மாற்றி, அது வந்தால் திறந்திருக்கும் விண்டோக்களுக்கு மேல் சின்ன உள்நுழைவுப் பெட்டி வரச் செய்தோம். கடவுச்சொல் கொடுத்ததும் தோற்ற கோரிக்கை மறுபடி போகும். வேலை விட்ட இடத்திலேயே இருக்கும்.

அப்புறம் நிரலின் வயது. புதிய பதிப்பை சர்வரில் ஏற்றினாலும், நேற்று திறந்த டேப் நேற்றைய நிரலைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கும். அது அனுப்பும் புலங்களை இன்றைய சர்வர் எதிர்பார்க்காது. ஒவ்வொரு பதிலிலும் சர்வர் தன் பதிப்பு எண்ணைச் சொல்லும். வேறுபட்டால் மேலே ஒரு பட்டை தோன்றும். வலிந்து புதுப்பிப்பதில்லை. பாதி ஆர்டரில் இருப்பவரின் திரையைப் பிடுங்குவது நியாயமே இல்லை. பதிலுக்கு, முந்தைய பதிப்பின் கோரிக்கைகளையும் சர்வர் கொஞ்ச காலம் ஏற்றுக்கொள்ளும் என்பதை விதியாக வைத்தோம்.

வேறு ஃபிரேம்வொர்க்கில் எழுதியிருந்தால்?

இதைப் பலர் கேட்டார்கள். ரியாக்ட் என்ற இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில் எழுதியிருந்தால் வரி மாறிப்போன பிழை வந்திருக்க வாய்ப்பு குறைவு; அங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டு காம்பொனென்ட்டை எடுக்கும் பழக்கமே கிடையாது. ஆனால் விலை ஸ்டோர் கசிவு அப்படியே வந்திருக்கும். காம்பொனென்ட் திரைக்கு வந்தபின் ஓடும் யூஸ்எஃபெக்டில் பதிந்துவிட்டு, துடைக்கும் ஃபங்ஷனைத் திருப்பித் தர மறந்தால் அதே கதைதான். ஃபோகஸ், விசை வரிசை, காலாவதி எல்லாமே பிரவுசரின் தன்மையிலிருந்து வருபவை. கிரிட், மரம், லேஅவுட் ஆகியவற்றை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டும் வேலை அதற்கு மேல் சேரும்.

எக்ஸ்ட் பக்கம் யோசிக்க வேண்டியது வேறு. 2008-லிருந்து அது ஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமம் அல்லது வணிக உரிமம் என்ற இரட்டை ஏற்பாட்டுக்குப் போனது. சென்ச்சா 2017-இல் ஐடெரா நிறுவனத்தின் கைக்குப் போனது. பத்து ஆண்டு ஓட வேண்டிய செயலியை ஒரே நிறுவனத்தின் பொருள்மேல் கட்டுகிறோம் என்பதை உரிமம் வாங்குவதற்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும். இந்த நிறுவனம் பேசியிருந்தது, அதனால் பதிப்பு மாற்றத்துக்கு ஒதுக்கீடு இருந்தது. நாலிலிருந்து ஆறுக்குப் போக முடிந்ததே அதனால்தான்.

இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு ஆர்டர் விண்டோவை இழுத்து அடுத்த மானிட்டருக்குக் கொண்டுபோக விரும்புகிறார்கள். பிரவுசரில் அது வேறொரு ஆவணம். எக்ஸ்ட் காம்பொனென்ட் தான் பிறந்த ஆவணத்தை விட்டு இன்னொன்றுக்குக் குடிபோகாது. இப்போதைக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி முகவரி கொடுத்து, தனி பிரவுசர் விண்டோவில் திறக்கச் செய்திருக்கிறோம். இரண்டு பிரதிகளும், விண்டோக்கள் தங்களுக்குள் செய்தி அனுப்ப பிரவுசர் தரும் பிராட்காஸ்ட் சேனல் வழியாகப் பேசிக்கொண்டு, ஒன்றில் திறந்த ஆர்டரை இன்னொன்றில் திறக்கவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. செயலி இருமுறை ஏறுவதால் மெமரி இரட்டிப்பாகிறது, விலைப் புதுப்பிப்பும் இருமுறை நடக்கிறது. அந்த விலை ஸ்டோரை மட்டும் எல்லா விண்டோவுக்கும் பொதுவாகப் பின்னணியில் ஓடும் ஷேர்டு வொர்க்கருக்கு நகர்த்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.